ஸ்டோர் கிராணி சிரித்த இடம்

என் பெரியப்பா மலேசியாவில் ஒரு செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக, அதாவது கிடங்கு எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். அரிசி மூட்டை, உர மூட்டை, மண்வெட்டி, எலி மருந்து என்று எதுவும் அவர் கையெழுத்தில்லாமல் வெளியே போகாது. அவருடைய சிரிப்பும் அப்படித்தான், சுலபத்தில் வெளியே வராது. எண்பதுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாடகைக்கு எடுத்துவந்த 'ஸ்டார் டிரெக்' வீடியோ கேசட் ஒன்றை எங்களோடு உட்கார்ந்து வேண்டாவெறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விண்வெளி நிலையம் ஒன்றில் தானியக் கிடங்கு. கேப்டன் ஓடிவந்து, கதவு பத்திரமாக இருக்கிறதா என்று கேட்கிறார். எதுவும் உள்ளே போயிருக்க முடியாது என்று காவலாளி உறுதி சொல்கிறான். அந்த இடத்தில் பெரியப்பா வெடித்துச் சிரித்தார். அடுத்த நொடி கேப்டன் தலைக்கு மேலிருந்த கதவைத் திறக்க, தானியத்துக்குப் பதிலாக உரோமப் பந்துகள் மழையாகக் கொட்டின. மற்றவர்கள் எல்லோரும் அதற்குத்தான் சிரித்தார்கள்.

"கதவுக்குக் காவல் போட்டால், எலி கதவு வழியாகவா வரும்?" என்று கேட்டுவிட்டு அவர் தேநீரை எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை, இப்போதைய பெயர் பெஸ்தாரி ஜெயா. மலாயாவில் வணிகத்துக்கென்று செம்பனை முதன்முதலாக நடப்பட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆண்டு 1917. இங்கே வளர்ந்தவர்களுக்குக் கிடங்கு, கணக்கு, எலி, துரை, துரைக்கு மேலே உள்ள தலைமை அலுவலகம் ஆகிய ஐந்தையும் தனியாக விளக்க வேண்டியதில்லை. அரை நூற்றாண்டுக்கு மேலாக அமெரிக்கர்கள் கொண்டாடிவரும் ஒரு விண்வெளி நகைச்சுவை எங்களுக்கு உள்ளூர்க் கதையாகத் தெரிந்ததன் காரணமும் அதுதான். நகைச்சுவை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதற்கு அந்தக் கிராணிக் கண் எனக்கு நல்ல கருவியாகவே இருந்துவருகிறது.

அந்த அத்தியாயம் 'ஸ்டார் டிரெக்' தொடரின் இரண்டாம் பருவத்தில், 1967 டிசம்பர் 29 அன்று என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. ஆங்கிலத் தலைப்பு 'தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்'. தொல்லை என்ற சொல்லையும் அந்த உயிரினத்தின் பெயரையும் உரசவிட்ட சிலேடை அது. எழுதியவர் டேவிட் ஜெரால்ட், இயக்கியவர் ஜோசப் பெவ்னி.

கதை இதுதான். ஷெர்மன் கோள் என்ற உலகம் யாருக்கு என்பதில், பூமியும் சேர்ந்த கோள்களின் கூட்டமைப்புக்கும் அதன் எதிரிகளான க்ளிங்கான் இனத்தவருக்கும் வழக்கு. அதை யார் சிறப்பாக வளப்படுத்திக் காட்டுகிறார்களோ அவர்களுக்கே சொந்தம் என்று ஒப்பந்தம் சொல்கிறது. அந்த மண்ணில் விளையக்கூடிய ஒரே பூமித் தானியம் குவாட்ரோடிரிட்டிகேல். அது கே-7 என்ற விண்வெளி நிலையத்தின் கிடங்கில் விதைக்காகக் காத்திருக்கிறது. அதைக் காக்கும் பொறுப்பில் நில்ஸ் பாரிஸ் என்ற வேளாண் துறை அதிகாரி. அவர் உச்சகட்ட அபாய அறிவிப்பை அனுப்ப, கூட்டமைப்பின் எண்டர்பிரைஸ் விண்கப்பல் போருக்குத் தயாராக ஓடிவருகிறது. வந்து பார்த்தால் எந்தத் தாக்குதலும் இல்லை; கிடங்குக்குக் காவல் வேண்டுமாம். இதற்கிடையில் சிரானோ ஜோன்ஸ் என்ற ஊர்சுற்றி வியாபாரி, கையடக்கமான, முகமில்லாத, வாலில்லாத, தடவினால் கொஞ்சும் ஒலி எழுப்பும் டிரிபிள் என்ற உயிரினத்தை விற்க வருகிறார். மதுக்கடைக்காரரோடு பேரம் இழுக்கிறது. தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவுக்கு ஒன்றை இலவசமாகவே கொடுத்துவிடுகிறார். மாதிரியை இனாமாகக் கொடுத்துத் தேவையை உண்டாக்கும் இந்த வித்தையைத் தோட்டத்துக்குச் சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்களும் நன்றாக அறிவார்கள். அந்த ஒன்று பத்தாகிறது, பத்து நூறாகிறது, நூறு கப்பலாகிறது.

சுருக்கமாகச் சொன்னால் சிறுவர் கதை மாதிரிதான் இருக்கிறது. சிறப்பு எங்கே என்றால், ஒரே உரோமப் பந்தை ஒவ்வொருவர் கையிலும் வைத்து, அவரவர் யார் என்று காட்டிவிடுவதில். மருத்துவர் மெக்காய் அதை அறுவை மேசையில் வைக்கிறார். உண்ட உணவில் பெரும்பகுதியை இனப்பெருக்கத்துக்கே செலவிடுகிறது, பிறக்கும்போதே கருவுற்றுப் பிறக்கிறது என்று கண்டுபிடிக்கிறார். உணர்ச்சி காட்டாத வல்கன் இனத்தவரான ஸ்பாக் அதைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டே, இந்த ஒலி மனித நரம்புகளை அமைதிப்படுத்துவதாகத் தெரிகிறது, நல்லவேளையாக எனக்கு அந்தப் பாதிப்பு கிடையாது என்கிறார். சொல்லி முடித்த பிறகும் கை தடவிக்கொண்டிருக்கிறது. சுற்றியுள்ளவர்களின் பார்வையைக் கண்ட பிறகுதான் கீழே வைக்கிறார். ஸ்பாக்காக நடிக்கும் லியோனார்டு நிமோயின் முகத்தில் ஒரு கோடுகூட அசைவதில்லை. நகைச்சுவையைக் கை செய்துவிடுகிறது. இந்தத் தொடரில் நான் பார்த்த மிகச் சிறந்த நடிப்பு இதுதான் என்று சொன்னால் என் தம்பி சண்டைக்கு வருவான்.

க்ளிங்கான்களுக்கு அந்தப் பந்தைப் பிடிக்காது. அவர்களைக் கண்டால் அதுவும் கீச்சிடுகிறது. பாரிஸுக்கு அது தன் தானியத்தின் மேல் விழுந்த இன்னொரு சதி. கேப்டன் கிர்க்குக்கோ அது மரியாதைக் குறைவு. தன் நாற்காலியில் உட்காரப் போனால் அங்கே ஒரு டிரிபிள், உணவுத் தட்டை எடுத்தால் சாண்ட்விச்சின் மேலும் காபியிலும் டிரிபிள். வில்லியம் ஷாட்னர் இதை முழுக்க ஒரு நிர்வாகியின் எரிச்சலாக நடிக்கிறார். மேலதிகாரிகள் அந்தத் தானியத்தைக் காக்கச் சொல்லி நேரடியாக உத்தரவிடுகிறார்கள். கிர்க்கால் மறுக்கவும் முடியவில்லை, பாரிஸை மதிக்கவும் முடியவில்லை. எங்கள் துரைமார்களுக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து கோட்டுப் போட்டு வரும் 'விசிட்டிங் ஏஜென்ட்' முன்னால் இதே முகம் வரும் என்று பெரியப்பா சொன்னார். பிரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், ஐந்நூறு பேரை நடுங்க வைப்பவர், அந்த ஒரு காருக்கு முன்னால் புன்னகையைக் கடன் வாங்கி நிற்பார்.

ஆனால் என் கணக்கில் இந்த அத்தியாயத்தின் உச்சம் டிரிபிள் ஒன்றுகூட முக்கியப் பாத்திரம் வகிக்காத ஒரு காட்சி. நிலையத்தின் மதுக்கடையில் கப்பல் ஆட்கள். க்ளிங்கான் ஒருவன் வந்து கேப்டனை வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். இளைஞன் செக்கோவ் கையை ஓங்குகிறான். தலைமைப் பொறியாளர் ஸ்காட்டி அவனைப் பிடித்து உட்கார வைக்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும், எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும் என்பதுபோல. அடுத்து க்ளிங்கான் கப்பலைக் குப்பைத் தோணி என்கிறான். ஸ்காட்டி அமைதியாக எழுகிறார். முதல் குத்து அவருடையது.

பிறகு விசாரணை. கிர்க் எல்லோரையும் வரிசையில் நிறுத்திக் கேட்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஸ்காட்டியைத் தனியே வைத்து, என்ன நடந்தது என்று கிளறுகிறார். என்னைத் திட்டினானா? திட்டினான். அப்போது அடித்தீர்களா? இல்லை. அப்புறம் எப்போது? கப்பலைச் சொன்னபோது. கேப்டன் முகத்தில் பெருமையும் காயமும் ஒரே நேரத்தில் வந்து போவதைப் பாருங்கள். தண்டனையாக அறையிலேயே அடைந்திருக்கச் சொல்கிறார். ஸ்காட்டிக்குப் பரம சந்தோஷம், தொழில்நுட்ப இதழ்களைப் படிக்க நேரம் கிடைத்ததென்று.

எங்கள் பக்கத்து ஆலையில் பாய்லரைப் பார்த்துக்கொண்ட ஒருவர் இருந்தார். மேனேஜரை யார் என்ன சொன்னாலும் தானும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்வார். அவர் பாய்லர் நேற்றுச் சரியாக ஆவி பிடிக்கவில்லையாமே என்று கூட்டுக்கடையில் ஒருவன் கேட்டுவிட்டு, அடுத்த வாரம் வரை அந்தப் பக்கம் வராமல் இருந்தான். வேலையில் உள்ள பற்று மேலதிகாரியிடம் இருக்காது, இயந்திரத்திடம்தான் இருக்கும். தொழிலாளியாக இருந்த யாருக்கும் இது தெரியும். அமெரிக்கத் தொலைக்காட்சி அதை 1967இல் ஒரு மதுக்கடைச் சண்டையில் வைத்துச் சொல்லியிருக்கிறது.

செக்கோவுக்கு இதில் ஏன் இத்தனை இடம் என்பதற்குச் சுவையான காரணம் உண்டு. கப்பலின் இன்னொரு அதிகாரி சூலுவாக நடித்த ஜார்ஜ் டகேய் அப்போது வேறொரு திரைப்படத்தின் படப்பிடிப்பில் மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் போயிருக்க வேண்டிய வசனங்கள் செக்கோவாக நடித்த வால்டர் கோனிக்குக்குக் கிடைத்தன. குவாட்ரோடிரிட்டிகேல் ரஷ்யக் கண்டுபிடிப்பு என்று செக்கோவ் பெருமையடிக்கும் இடமும் அவன் குணத்துக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. உண்மையில் டிரிட்டிகேல் என்ற தானியம் கற்பனையல்ல. கோதுமையையும் அதன் உறவான ரை தானியத்தையும் கலந்து உண்டாக்கியது. இரண்டின் லத்தீன் பெயர்களை ஒட்டவைத்துப் பெயரிட்டார்கள். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகம் 1954இல் அதற்கென ஆய்வுத் திட்டம் தொடங்கியது. மூலத் தானியம் இருபதாம் நூற்றாண்டுக் கனடாவைச் சேர்ந்தது என்று கதையில் திருத்தப்படுவது அதனால்தான்.

ஜெரால்ட் இதை எழுதும்போது வயது 23. தொழில்முறையாக அவர் விற்ற முதல் கதை இதுதான். தயாரிப்பாளர் ஜீன் கூன் ஒரு புதியவரை நம்பி எழுத விட்டார். க்ளிங்கான்களை முதலில் உருவாக்கியவரும் இதே கூன்தான். தொடரில் சிரிப்புக்கு இடம் உண்டு என்று நம்பியவரும் அவரே. உயிரினத்துக்கு முதலில் ஜெரால்ட் வைத்த பெயர் 'ஃபஸ்ஸி'. அதே பெயரில் ஹெச். பீம் பைப்பரின் நாவல் ஏற்கெனவே இருந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று. அதோடு தலைவலி தீரவில்லை. ராபர்ட் ஹைன்லைனின் 1952ஆம் ஆண்டு நாவல் ஒன்றில் வரும் செவ்வாய்க்கிரகத் 'தட்டைப் பூனை'களும் இப்படித்தான் கொஞ்சிக் கொஞ்சிப் பெருகும் என்று சரிபார்க்கும் பிரிவு சுட்டிக்காட்டியது. ஹைன்லைனையே கேட்டார்கள். அவர் வழக்குப் போடவில்லை. கையெழுத்திட்ட கதைவசனப் பிரதி ஒன்று போதும் என்றார். இரண்டுக்கும் மூத்த கதை ஒன்று உண்டு. 1905இல் எல்லிஸ் பார்க்கர் பட்லர் எழுதியது. ரயில் பார்சல் அலுவலகக் கிராணி ஒருவர், கினி பன்றியும் பன்றிதான், எனவே பன்றிக்குரிய கூடுதல் கட்டணம் கட்டு என்று அடம்பிடிக்கிறார். கடிதம் மேலே போய்க் கீழே வருவதற்குள் அலுவலகம் முழுக்கக் கினி பன்றிக் குட்டிகள். பெருகும் உயிரினத்தின் நகைச்சுவை பிறந்ததே ஒரு கிராணி மேசையில் என்றால் பெரியப்பா சிரித்தது வம்சப் பொருத்தம்.

ஜெரால்டுக்குத் தூண்டுதலாக இருந்தது ஆஸ்திரேலிய முயல்கள். 1859இல் விக்டோரியாவில் வேட்டைப் பொழுதுபோக்குக்காக விடப்பட்ட சில முயல்கள் சில பத்தாண்டுகளில் ஒரு கண்டத்தையே மேய்ந்தன. ஸ்பாக் ஜோன்ஸிடம் சொல்லும் குற்றச்சாட்டும் அதுவே. வேட்டை விலங்குகள் நிறைந்த இடத்திலிருந்து அவற்றைப் பிடுங்கி, தடுப்பே இல்லாத இடத்தில் விட்டுவிட்டாய் என்கிறார். செம்பனைக் காட்டில் வாழ்பவர்களுக்கு இது பாடப்புத்தக விஷயமில்லை. கூகைக்குப் பெட்டிக் கூடு கட்டித் தோட்டத்தில் நிறுத்துவதும், எலி மருந்துக் கட்டியை மரத்தடியில் வைப்பதும் இதற்காகத்தான்.

இதன் மறுபக்கத்தையும் இந்த மண் பார்த்திருக்கிறது. எழுபதுகளில் செம்பனைப் பெண்பூவில் மகரந்தம் சேர்ப்பது மனிதக் கைவேலை. எங்கள் சின்னம்மா உட்படப் பல பெண்கள் மகரந்தத்தை டால்கம் தூளில் கலந்து, பம்ப் வைத்து ஒவ்வொரு பூவாக ஊதிக்கொண்டு போனார்கள். ஆப்பிரிக்காவில் இந்த வேலையைச் செய்வது ஒரு சின்ன வண்டு என்று கண்டுபிடித்து, காமரூனிலிருந்து அதைக் கொண்டுவந்து 1981இல் ஜொகூர் மாநிலம் குளுவாங் வட்டாரத்தில் விட்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் தீபகற்பம் முழுக்க அது பரவிவிட்டது. கைமகரந்த வேலை மறைந்தது. பெருகிய வேகத்தில் அது டிரிபிளுக்குத் தம்பி. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. விடுவதற்கு முன் தனிமையில் வைத்து, வேறு எந்தப் பயிரைத் தின்கிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். செம்பனை ஆண்பூவைத் தவிர வேறெதிலும் அது பெருகாது என்று தெரிந்த பிறகுதான் கூடையைத் திறந்தார்கள். சிரானோ ஜோன்ஸ் அந்தச் சோதனைக்கு நின்றிருக்க மாட்டார். அப்படிச் சோதித்தும் ஒரு கணக்குத் தப்பியது. ஆண்பூவில் வளரும் வண்டுப் புழுவைத் தின்ன எலி பழகிக்கொண்டது. எலி எப்போதும் ஒரு கணக்கைத் தப்ப வைக்கும்.

இனி அந்தக் கிடங்குக் காட்சி. வா சாங் என்ற சிற்பி டிரிபிளை வடிவமைத்தார். செயற்கை உரோமத் துணிக்குள் நுரைப்பஞ்சு அடைத்து ஏறக்குறைய 500 பந்துகள் தைத்தார்கள். நகர வேண்டியவற்றுக்குள் பொம்மை நாயின் பொறி, மூச்சுவிட வேண்டியவற்றுக்குள் பலூன். கதவைத் திறந்ததும் கொட்டும் காட்சியைப் பலமுறை எடுக்க வேண்டியிருந்தது. கொட்டி முடித்த பிறகும் ஷாட்னரின் தலையில் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருப்பதைப் பார்க்கலாம். மேலே ஆட்கள் நின்று, எத்தனை போதும் என்று தெரியாமல் எறிந்துகொண்டிருந்ததன் விளைவு அது. திட்டமிட்டிருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. மார்பளவு பந்துக்குள் நின்று, வந்திருக்கும் அதிகாரியிடம் கௌரவமாகப் பதில் சொல்ல முயல்கிறார் கேப்டன். டம்மென்று இன்னொன்று.

இத்தனை கூத்துக்கு அடியில் கதை இரக்கமே இல்லாமல் நடக்கிறது. கொட்டிய பந்துகளில் பெரும்பாலானவை செத்தவை, சாகக் கிடப்பவை. தானியத்தில் விஷம். உணவைச் சத்தாக உடல் ஏற்காமல் செய்யும் நுண்ணுயிர் அதில் கலக்கப்பட்டிருக்கிறது. வயிறு நிறைந்திருந்தும் பட்டினியில் சாவு. அது ஷெர்மன் கோளில் விதைக்கப்பட்டு மக்கள் உண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கதை உரக்கச் சொல்வதில்லை. விஷம் வைத்தவன் யார் என்பதையும் டிரிபிள்தான் காட்டிக்கொடுக்கிறது. பாரிஸின் உதவியாளன் ஆர்ன் டார்வினைக் கண்டதும் அது க்ளிங்கானைக் கண்டதுபோல் கீச்சிடுகிறது. மனித முகத்தில் ஒளிந்திருந்த ஒற்றன் அவன். ஆக, தொல்லை என்று நினைத்தது சாட்சியாகவும் சோதனை எலியாகவும் மாறிவிடுகிறது. ஒரு நகைச்சுவைத் துணுக்குகூட வீணாகப் போகவில்லை. சாண்ட்விச்சில் டிரிபிள் வந்தது சிரிப்புக்கு மட்டுமென்று நினைத்திருப்போம். காற்றுக் குழாய் வழியாகத்தான் அவை உணவு இயந்திரத்துக்குள் போயின, அதே குழாய் கிடங்கிலும் இருக்கிறது என்று கிர்க்குக்கு உறைப்பது அங்கேதான். கதவு வழியாக வரவில்லை. பெரியப்பா முன்கூட்டியே சிரித்ததற்குக் கதையில் முறையான ஆதாரம் இருந்தது.

மூன்றாம் பருவத்துக்கு வந்த தயாரிப்பாளர் ஃபிரெட் ஃபிரைபெர்கர் இந்த மாதிரி வேடிக்கைகளை விரும்பவில்லை. ஜெரால்ட் யோசித்திருந்த தொடர்ச்சிக் கதை 1973இல் அசைபட வடிவத்தில்தான் வெளிவந்தது. அறிவியல் புனைவுக்கான 1968 ஹியூகோ விருதுக்கு இந்த அத்தியாயம் பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் பிரிவில் போட்டியிட்ட எல்லாமே ஸ்டார் டிரெக் அத்தியாயங்கள். விருது அதே தொடரின் துயரக் கதை ஒன்றுக்குப் போனது. அழவைத்தவனுக்குப் பட்டும் சிரிக்கவைத்தவனுக்குப் பாராட்டும் கொடுப்பது எல்லா ஊர் வழக்கம்தான். 1996இல் தொடரின் முப்பதாம் ஆண்டையொட்டி, பிற்கால ஸ்டார் டிரெக் தொடரான 'டீப் ஸ்பேஸ் நைன்' குழுவினர் தங்கள் நடிகர்களை இந்தப் பழைய படச்சுருளுக்குள் கணினியால் நுழைத்து ஓர் அத்தியாயம் செய்தார்கள். அத்தனை பழைய கதைகளிலும் அவர்கள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். கிர்க்கின் தலையில் கடைசியாக விழுந்த பந்துகளை யார் எறிந்தார்கள் என்ற கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்கிறது, பார்க்காதவர்களுக்காக விட்டுவிடுகிறேன்.

ஜோன்ஸுக்குக் கிடைத்த தண்டனை, நிலையத்திலிருந்து ஒவ்வொரு டிரிபிளாகப் பொறுக்கி அகற்றுவது. ஸ்பாக் கணக்குப்படி 17.9 ஆண்டு வேலை. கப்பலில் இருந்தவற்றை ஸ்காட்டி க்ளிங்கான் கப்பலின் என்ஜின் அறைக்கு அனுப்பிவிடுகிறார். கேசட் முடிந்ததும் பெரியப்பா, கிடங்குக் காட்சிக்குத் திருப்பிப் போடச் சொன்னார். ஸ்பாக் சொன்ன எண் வேண்டுமாம்: 17,71,561. ஒரு டிரிபிள், ஈற்றுக்குப் பத்துக் குட்டி, பன்னிரண்டு மணிக்கு ஒரு தலைமுறை, மூன்று நாள். மளிகைக் கடை பில்லின் பின்பக்கத்தில் எழுதினார். தாயும் பத்துமாகப் பதினொன்று. பிறகு 121. 1,331. 14,641. 1,61,051. ஆறாவது வரியில் 17,71,561 வந்தது. தின்ற தானியத்தையும் கிடங்கின் கொள்ளளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டதாக ஸ்பாக் சொல்கிறார். ஆனால் எண்ணில் எந்தக் கழிவும் இல்லை, வெறும் பெருக்கல்தான்.

"கூட்டல் சரி," என்றார் பெரியப்பா, பேனாவை மூடியபடி. "ஆனால் ஆரம்ப இருப்பு ஒன்று என்று எதை வைத்து எழுதினார்? குழாய்க்குள் நின்று எண்ணினாரா?"